அண்ணன் பட்டன், தம்பி பட்டன்

"ஏங்க, மீசை வருது! அமுக்குங்க!"

வாசல் பக்கம் ஜெராக்ஸ் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சுகுணாதான் குரல் கொடுத்தாள். சுகுணா என் மனைவி. கடையில் எனக்குப் பாதிப் பங்காளி, வீட்டில் முழு முதலாளி. தெருமுனையில் ஏகாம்பரம் அண்ணனின் மொபெட் சத்தம். அந்த வண்டிக்கு சைலன்சர் என்று ஒன்று இருப்பதாக அவர் சொல்வார். பார்த்தவர் யாருமில்லை.

வாயில் இருந்த போண்டாவை அப்படியே விழுங்கிவிட்டு, மவுஸைப் பிடித்து, திரையின் மேல் ஓரத்தில் மீசைப் படம் போட்ட பட்டனை அமுக்கினேன். வீட்டு வரைபடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்த ஒரு சுவர் கண் இமைக்கும் நேரத்தில் காணாமல் போனது.

அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும்போது, நான் காலையிலிருந்து அந்தச் சுவரில்லாத வீட்டையே தியானம் செய்கிறவன் போல உட்கார்ந்திருந்தேன். மோவாயில் சட்னி இருந்ததாக சுகுணா பிறகு சொன்னாள்.

போன வாரம் என் கல்யாணக் கதையை எழுதினேன் அல்லவா? அதைப் படித்ததிலிருந்து சுகுணா என்னோடு பேசுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டிருக்கிறாள். அதில் பொய் இருக்கிறது என்று அவள் குறைப்படவில்லை. உண்மை இருக்கிறது என்பதுதான் குறை. ஆகவே இந்த வாரம் குடும்பத்தை விட்டுவிட்டுத் தொழிலுக்கு வருகிறேன். தொழிலிலும் கடைசியில் அவள்தான் ஜெயிக்கப்போகிறாள், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நாளைக்குச் சோறு வேண்டும்.

சுரண்டிய ஜன்னல்கள்

நான் ஆரணியில் வீட்டு பிளான் வரைகிறவன். இன்ஜினியர் இல்லை. இன்ஜினியர் கையெழுத்துப் போடுவார், நான் கோடு போடுவேன். ஆனால் ஊரில் பாதிப் பேர் என்னை இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். இல்லை என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் காபி வந்துவிடுகிறது.

தொழில் பழகியது வந்தவாசியில். கம்ப்யூட்டர் எல்லாம் அப்போது பெரிய ஊர் சமாச்சாரம். எண்ணெய்த்தாள் மாதிரி ஒரு தாளில் மை பேனாவால் வரைய வேண்டும். ஒரு ஜன்னலை நகர்த்தச் சொன்னால் பிளேடால் சுரண்ட வேண்டும். ஒரே இடத்தில் அதிகம் சுரண்டினால் தாளில் ஓட்டை விழும். என் பிளான்களில் நான் வரைந்த ஜன்னலைவிட இப்படி விழுந்த ஜன்னல்கள்தான் அதிகம். காற்றோட்டமான பிளான் போடுவான் என்று அப்போதே பெயர் வாங்கியவன் நான்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதில் என்ன சௌகரியம் என்றால், வீடு ஒரே தாளில் இருக்காது. சுவருக்கு ஒரு தாள், கதவு ஜன்னலுக்கு ஒரு தாள், கரண்ட் ஒயருக்கு ஒன்று, தண்ணீர்க் குழாய்க்கு ஒன்று, கட்டில் பீரோவுக்கு ஒன்று. எல்லாம் கண்ணாடித் தாள் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியிருக்கும். ஒவ்வொரு தாளுக்கும் லேயர் என்று பெயர். பெயருக்குப் பக்கத்தில் குட்டி பல்பு ஒன்று. அணைத்தால் அந்தத் தாள் மறைந்துவிடும். அதை ஒட்டி ஒரு சூரியன். அமுக்கினால் சூரியன் போய்ப் பனி வரும், தாள் உறைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

சித்திரை மாதத்து ஆரணியில் பனியைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கிற ஒரே இடம் அதுதான். கரண்ட் போய் ஃபேன் நின்று, யூபிஎஸ் மட்டும் கீச் கீச்சென்று கத்திக்கொண்டிருக்கும் மதியங்களில் சும்மாவாவது இரண்டு லேயரை உறையவைத்துப் பார்த்துக்கொள்வேன். மனசுக்கு ஒரு குளிர்ச்சி.

சாமி பார்க்காத கக்கூஸ்

இந்த லேயர்களை மொத்தமாக அணைத்து ஏற்ற, சொந்தமாகப் பட்டன் செய்துகொள்ளலாம் என்று எனக்குத் தெரியவந்தது தேசூரிலிருந்து வந்த ஒரு அம்மாவால்.

எங்கள் பக்கத்தில் கடைக்கால் போடுவதற்கு முன்னால் பிளானைப் பூஜையில் வைப்பார்கள். நான்கு மூலையிலும் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பிறகுதான் மேஸ்திரி கைக்குப் போகும். அந்த அம்மா பிளானை விரித்துப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்பா, கக்கூஸைக் கொண்டாந்து சாமி முன்னாடி வெச்சு கற்பூரம் காட்டச் சொல்றியா?"

"அது வீட்டுக்கு வேணுமேம்மா."

"வீட்டுக்கு வேணும். சாமிக்கு இன்னாத்துக்கு?"

கக்கூஸைத் தனி லேயராக்கி, அதை அணைத்து ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன். சேதி பரவி, வருகிறவர்கள் எல்லாம் 'பூஜை காப்பி' கேட்க ஆரம்பித்தார்கள். சர்ச் பக்கத்தில் குடியிருக்கும் ஒரு டீச்சர்கூட, "பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணுவாரு, எங்களுக்கும் அதே மாதிரி ஒண்ணு" என்றார். கக்கூஸ் விஷயத்தில் எல்லா மதமும் ஒன்றுதான்.

ஒவ்வொரு தடவையும் நீளமான லேயர் பட்டியலுக்குள் போய், தேடி, அணைத்து, பிரிண்ட் எடுத்து, மறுபடி ஏற்றி... எனக்குச் சோம்பல் உடன்பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, பட்டன்களை மாற்றுகிற பெட்டியைத் திறந்து, ஒரே அமுக்கில் கக்கூஸ் மறைகிற பட்டனைச் செய்தேன். ஒரு நிமிஷ வேலையை மிச்சப்படுத்த ஒரு நாளைச் செலவழிப்பதற்குத்தான் தொழில்நுட்பம் என்று பெயர். பட்டனுக்குப் படமும் நாமே கட்டம் கட்டமாக நிரப்பி வரையலாம். கற்பூரச் சுடர் வரைந்தேன். சுகுணா பார்த்துவிட்டு, "மிளகாய் நல்லா வந்திருக்குது" என்றாள்.

சந்தவாசல் பக்கம் ஒரு குடும்பம் மட்டும், மஞ்சள் வைத்த பிரதிதான் ராசியானது என்று அதையே மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டது. வீடு தளம் வரைக்கும் எழும்பின பிறகுதான் யாருக்கோ அவசரம் வந்திருக்கிறது. இப்போது அவர்கள் கக்கூஸ், கோபித்துக்கொண்டு வெளியே போன மாப்பிள்ளை மாதிரி, கிணற்றங்கரையில் தனியாக நிற்கிறது.

இரண்டு கேன்சல்

பட்டன் செய்கிற வித்தையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. பட்டனுக்குள்ளே, அது செய்ய வேண்டிய வேலையை ஒரு வரியாக எழுத வேண்டும். அந்த வரியின் தொடக்கத்திலேயே இரண்டு கேன்சல் போட்டுவிட வேண்டும்.

ஏனென்றால் அமுக்குகிற நேரத்தில் நாம் ஏதாவது பாதிக் கோட்டில் தொங்கிக்கொண்டிருப்போம். முதலில் அதை விட்டாக வேண்டும். ஒரு கேன்சலுக்குப் பாதிதான் விடும். இன்னொன்று போட்டால்தான் கை சுத்தமாகும். அதற்குப் பிறகுதான் புது வேலை.

இதை நான் பெருமையாக விளக்கியபோது சுகுணா கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

"உங்களுக்கும் இப்படி ஒரு பட்டன் வெச்சுப் பெத்திருந்தா உங்கம்மாவுக்குக் கோயில் கட்டியிருப்பேங்க."

ஃப்ளெக்ஸ் போர்டில் பிறந்த சுவர்

இனி மீசைக்கு வருவோம்.

ஏகாம்பரம் அண்ணனும் அவர் தம்பி தயாளனும் பட்டு நெசவாளிகள். எங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளி அவர்கள் மனை. பழைய வீடு ஒழுகுகிறது என்று இடித்துவிட்டு, எதிர்சாரியில் வாடகைக்கு இருந்துகொண்டு, புது வீட்டுக்கு என்னிடம் பிளான் கேட்டு வந்தார்கள். முதல் நாள் இரண்டு பேரும் ஒரே மொபெட்டில்தான் வந்தார்கள். இடது பக்கம் அண்ணன் குடும்பம், வலது பக்கம் தம்பி குடும்பம், நடுவில் நீளமாக ஒரு தறிக்கூடம். இரண்டு பேர் தறியும் அதில் பக்கத்துப் பக்கத்தில். அப்படித்தான் வரைந்தேன். அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார், தம்பி கூலிங்கிளாஸைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு பார்த்தான். வீட்டுக்குள்ளும் கூலிங்கிளாஸ் போடுகிற ஆள் அவன்.

பிறகு தயாளன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா வந்தது. மண்டபத்து வாசலில் ஃப்ளெக்ஸ் போர்டு வைத்தார்கள். அதில் தயாளனின் மச்சான் படம் ஆள் உயரம். ஏகாம்பரம் அண்ணன் படம் மச்சானின் பெல்ட்டுக்குக் கீழே, ஸ்டாம்ப் சைஸில். அந்த போர்டை நான் அடிக்கவில்லை என்பதை இந்தப் பத்திரிகை மூலமாக ஊருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

அன்றோடு பேச்சு நின்றது. கொஞ்ச நாளில் அண்ணன் தனியாக வந்தார்.

"பாஸ்கரு, தறிக்கூடத்துக்கு நடுவுல ஒரு சுவர் போட்டுடு."

"ஏண்ணா? தம்பி கேட்டானா?"

"கேப்பான். அவன் கேக்கறதுக்கு முன்ன நாமளே போட்டுட்டா நமக்கு மரியாதை."

போட்டேன். மறுநாளே தயாளன் வந்தான்.

"பாஸ்கர்ண்ணா, சுவர் போடச் சொல்லிட்டாராமே?"

"ஆமாம்பா."

கூலிங்கிளாஸைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான். "போடுங்க. நானே சொல்லலாம்னுதான் இருந்தேன்."

தகராறு உள்ள எதையும் தனி லேயரில் போடுவது என் தொழில் தர்மம். 'நடுச்சுவர்' என்று ஒரு லேயர் போட்டு, அதில் அந்தச் சுவரை மட்டும் தனியாக நிறுத்தினேன்.

அதற்குப் பிறகுதான் தமாஷ். அண்ணன் இரண்டு நாளைக்கு ஒரு தடவை வர ஆரம்பித்தார்.

"காத்தோட்டம் பாக்கணும் பாஸ்கரு. அந்தச் சுவரைக் கொஞ்சம் எடுத்துட்டுக் காட்டேன்."

எடுப்பேன். முட்டியில் கையை ஊன்றிக்கொண்டு, காற்று எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று ரொம்ப நேரம் பார்ப்பார். "இங்க என் தறி. அங்க அவன் தறி. ம்." டீ ஆறிப்போகும். கிளம்பும்போது குரலைத் தாழ்த்துவார். "அவன் வந்தா சுவரோட காட்டு, இன்னா? நான் இப்படிப் பாத்தேன்னு சொல்லிடாத. சத்தியம் பண்ணு."

பண்ணுவேன்.

அண்ணன் வராத நாட்களில் தம்பி. "டைல்ஸ் எவ்ளோ ஆவும்னு பாக்கணும்ண்ணா. நடுவுல சுவர் இருந்தா பேஜாரா கீது. எடுத்துட்டுக் காட்டுங்களேன்." அவனும் முட்டியில் கையை ஊன்றிக்கொண்டுதான் பார்ப்பான். டைல்ஸை எண்ணுகிற மாதிரி உதடுகூட அசையாது. "அவரு வந்தா சுவரோடதான் காட்டணும். நான் எடுத்துட்டுப் பாத்தேன்னு தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவாரு. சத்தியம் பண்ணுங்க."

அதையும் பண்ணுவேன்.

நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்கு வயது ஐம்பதைத் தாண்டியும் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அண்ணனுக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்க இடம் பார்த்துக் கொடுத்தேன். தம்பிக்கு வழுக்காத டைல்ஸ் எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்துச் சொன்னேன். இரண்டு பேரும் 'இந்த ஆள் எப்போது வாயை மூடுவான்' என்று பார்த்தார்கள்.

என் சோம்பல் மட்டும் சும்மா இருக்கவில்லை. அண்ணனுக்கு ஒரு பட்டன், மீசைப் படத்தோடு. சில வாரம் கழித்துத் தம்பிக்கு ஒரு பட்டன், கூலிங்கிளாஸ் படத்தோடு. யாராவது தெருமுனையில் திரும்பினால் சுகுணா 'மீசை' என்றோ 'கிளாஸ்' என்றோ கத்துவாள், நான் அமுக்குவேன்.

மீசைப் படத்தை ஒரு நாள் அண்ணன் பார்த்துவிட்டார். "இன்னா பாஸ்கரு இது, கம்பளிப்பூச்சி?"

"ஆமாண்ணா."

"நாங்களும் சேலை டிசைனுக்குக் கட்டம் கட்டமாத்தான் போடறோம். எங்க மயிலு மயிலு மாதிரி இருக்கும்பா."

தெருவில் பேசாத பேச்சு

ஒரு நாள் காலை மனையை இன்னொரு முறை அளக்கலாம் என்று போனேன். தெருவில் வண்டி போக வழியில்லை. பாவு நீட்டியிருந்தார்கள்.

தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நீளவாக்கு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துப் பிடித்துச் சரி செய்வார்களே, அதுதான். இளவெயிலில் அரக்கு நிறப் பட்டு தெருவில் ஓடுகிற தண்ணீர் மாதிரி பளபளத்தது. கஞ்சி வாசனை. இந்த முனையில் ஏகாம்பரம் அண்ணன். அந்த முனையில், முகம் சரியாகத் தெரியாத தூரத்தில், தயாளன்.

எங்கள் ஊரில் எப்பேர்ப்பட்ட சண்டை போட்டாலும் பாவு நீட்ட வரமாட்டேன் என்று சொல்கிற வழக்கம் கிடையாது. இவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். பேசத்தான் இல்லை. அண்ணன் தன் முனையை லேசாக ஒரு சுண்டு சுண்டினார். அத்தனை தூரத்தில் தம்பி உடனே ஒரு அடி பின்னால் நகர்ந்தான். அவன் சுண்டினான், இவர் கையைத் தளர்த்தினார். நடுவில் ஒரு இழை அறுந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தார்கள். அண்ணன் முனையைக் கட்டிவிட்டுப் போய் முடிச்சுப் போட்டுவிட்டு வரும்வரை தம்பி மூச்சுவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

"இன்னாண்ணா, ரெண்டு பேரும் பேசிக்கறீங்களா?" என்று கேட்டேன்.

"யாரு பேசினது?" என்றார் அண்ணன். "பாவு நீட்டறோம்."

தப்பாக அமுக்கிய பட்டன்

கடைக்கால் போட நாள் குறித்துவிட்டார்கள். அதற்கு முன்னால் பிளானில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அனுமதிக்குக் கொடுக்க வேண்டும். மனை இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. சுவரோடு ஒரு தடவை கையெழுத்தாகி, மேஸ்திரி அந்தச் சுவருக்குப் பள்ளம் தோண்டிவிட்டால் முடிந்தது. தோண்டிய பள்ளத்தைப் போய் யார் மூடச் சொல்வார்கள்? மூடச் சொன்னவன் தோற்றவன் ஆகிவிடுவானே.

அந்த வாரத்தில் ஒரு நாள் நான் டீ குடிக்கப் போயிருந்தேன். வழக்கம்போல டீ சின்னது, பேச்சு பெரியது. திரும்பி வந்தபோது சுகுணா என் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்தால் சேதாரம் எனக்குத்தான்.

"ஏகாம்பரண்ணன் வந்துட்டுப் போனாரு. நான் அவசரத்துல தயாளன் பட்டனை அமுக்கிட்டேன்."

"அய்யய்யோ! டைல்ஸைக் காட்டிட்டியா? கோச்சுக்கினாரா?"

"எங்க? 'ஹாங், இதான், இதான்'னு சொல்லிட்டு அரை மணி நேரம் பாத்துகினு இருந்தாரு. எழுந்து போவும்போது மூக்கை உறிஞ்சிகினே போறாரு."

"ஜலதோஷமா?"

சுகுணா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

"ரெண்டு பட்டனுக்குள்ளயும் இன்னா எழுதி வெச்சிருக்கீங்க? தெறங்க."

திறந்தேன். மீசைக்குள் ஒரு வரி: இரண்டு கேன்சல், நடுச்சுவரை உறையவை. கூலிங்கிளாஸுக்குள் ஒரு வரி: இரண்டு கேன்சல், நடுச்சுவரை உறையவை. ஒரு புள்ளிகூட வித்தியாசமில்லை. இரண்டையும் என் கையாலேயே தட்டியிருக்கிறேன். ஒன்று காற்றோட்டம், ஒன்று டைல்ஸ் என்று முழுசாக நம்பிக்கொண்டே தட்டியிருக்கிறேன்.

"ரெண்டு பேருக்கும் சுவர் வேணாங்க," என்றாள் சுகுணா. "சொல்லிடுங்க."

"சத்தியம் பண்ணியிருக்கேனே. ரெண்டு பக்கமும்."

"பள்ளம் தோண்டினப்புறம் சத்தியத்தை எடுத்து அதுல போட்டு மூடுவீங்களா?"

நான் யோசிக்கிறேன் என்றேன். நான் யோசிப்பதை நம்பி அவள் எதையும் விட்டுவைத்தது கிடையாது.

கையெழுத்து

மறுநாள் மதியம் இரண்டு பேரும் வந்தார்கள். ஆளுக்கொரு வண்டியில். பெஞ்சின் அந்தக் கோடியில் அண்ணன், இந்தக் கோடியில் தம்பி. நடுவில் தாராளமாக ஒரு சுவர் எழுப்பலாம், அவ்வளவு இடம்.

சுவரோடு எடுத்த பிரதியை மேஜைமேல் விரித்தேன். பேனாவை அண்ணனிடம் நீட்டினேன். வாங்கினார். மூடியைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"கடைசியா ஒரு தடவை அந்தக் காத்தோட்..." என்று ஆரம்பித்தவர் தம்பி இருப்பது ஞாபகம் வந்து, "காத்தே இல்ல இன்னிக்கு" என்று முடித்தார்.

தம்பி கூலிங்கிளாஸுக்குள்ளிருந்து ஃபேனைப் பார்த்தான். ஃபேன் நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்ன திரையில ஒரு தடவை பாத்துடுங்கண்ணா," என்றாள் சுகுணா. என் பக்கம் திரும்பி, "மீசையை அமுக்குங்க" என்றாள்.

நான் கண்ணாலேயே கெஞ்சினேன். "சத்தியம்..." என்று முணுமுணுத்தேன்.

"பண்ணது நீங்கதானே? நான் பண்ணலையே. ஜல்தியா எழுந்திருங்க, மவுஸைக் குடுங்க."

எழுந்தேன். உட்கார்ந்தாள். அமுக்கினாள். சுவர் போய், நீளமான கூடத்தில் இரண்டு தறிகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன.

"இது ஏகாம்பரண்ணன் பட்டன். அவரு வரும்போதெல்லாம் இதைத்தான் அமுக்கிக் காட்டச் சொல்லுவாரு."

அண்ணன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தயாளன் மெதுவாகக் கூலிங்கிளாஸைக் கழற்றினான். அதில்லாமல் அவன் முகத்தைப் பார்த்து வெகுநாளாயிற்று. அப்படியே அண்ணன் சாடை.

"இப்ப தயாளன் பட்டன்."

அமுக்கினாள். திரையில் ஒன்றும் நகரவில்லை. மறுபடி மீசையை அமுக்கினாள். நகரவில்லை. கிளாஸ். மீசை. கிளாஸ். டக் டக் என்று மவுஸ் சத்தம் மட்டும் கேட்டது. படம் அசையாமல் நின்றது.

"ஹேங் ஆயிடுச்சா அண்ணி?" என்றான் தயாளன்.

"மவுசு மக்கர் பண்ணும்," என்றார் அண்ணன், யாரையும் பார்க்காமல். "பழைய மவுசு."

"மவுசு நல்லாத்தாண்ணா கீது. ரெண்டு பட்டனுக்கும் ஒரே வேலை. அப்புறம் எப்படி நகரும்?"

வாசலில் ஜெராக்ஸ் மெஷின் தானாக ஒரு தடவை முனகிவிட்டு அடங்கியது. இரண்டு பேரும் சேர்ந்து அடித்தால் பின்பக்கமாக ஓட வழி இருக்கிறதா என்று பார்த்தேன். இந்தக் கடைக்குப் பிளான் போட்டவனும் நான்தான், பின்வாசல் வைக்கவில்லை.

"அப்ப சுவர் யார்றா கேட்டது?" என்றார் அண்ணன். நேராகத் தம்பியைப் பார்த்து.

"நீதானே கேட்ட!"

"நானா? நீ கேப்பேன்னு நான் கேட்டேன்!"

"நான் எங்க கேட்டேன்? நீ கேட்டேன்னு நான் சரின்னேன்!"

"அதெப்படிடா சரின்னுவ? அண்ணன் சுவரு கேட்டா, இன்னாத்துக்குன்னு ஒரு வார்த்தை கேக்கமாட்டியா?"

"நீ பேசினாதானே கேக்கறதுக்கு!"

"ஸ்டாம்ப் சைஸுல போட்டோ போட்டா எவன்டா பேசுவான்?"

"அது மச்சான் பண்ணது!"

"போர்டு அடிக்கறதுக்கு முன்ன உனக்குக் காட்டினானா இல்லியா?"

"காட்டினான். போன்ல காட்டினான். போன்ல எல்லாருமே ஸ்டாம்ப் சைஸுலதாண்ணா இருந்தாங்க!"

அண்ணன் வாயைத் திறந்தார். எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வந்து, மீசைக்குக் கீழே மாட்டிக்கொண்டு, வெளியே வராமல் இருமலாக மாறியது. தம்பி போய் முதுகைத் தட்டினான். தட்டிக்கொண்டே சண்டை போட்டான். கடை வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. இத்தனை மாதத்துச் சண்டையையும் அன்றைக்கே போட்டு முடித்துவிடுகிற வேகம் இருவருக்கும். அப்படியே பேசிக்கொண்டே தெருவில் இறங்கிப் போய்விட்டார்கள், ஒரே மொபெட்டில். ஒரு வண்டி என் கடை வாசலிலேயே நின்றது. பேனாவும் போய்விட்டது.

சாயங்காலம் கையெழுத்துப் போட வந்தார்கள். சுவரில்லாத பிரதி எடுத்து வைத்திருந்தேன். இரண்டு பேரும் போட்டார்கள்.

"அப்ப அந்தச் சுவரை மொத்தமா அழிச்சிடட்டுமாண்ணா?" என்று கேட்டேன்.

"வேணாம்!" என்றார்கள் இரண்டு பேரும்.

"இருக்கட்டும் பாஸ்கரு," என்றார் அண்ணன். "இவனை நம்ப முடியாது."

"ஆமாண்ணா, இவரை நம்பவே முடியாது," என்றான் தம்பி. "ஃப்ரிட்ஜ்ல வெச்ச மாதிரி அது பாட்டுக்கு இருக்கட்டும்."

இன்னும் உறைந்திருக்கும் சுவர்

வீடு கட்டிக் குடிபோய்விட்டார்கள். புதுமனை புகுவிழா ஃப்ளெக்ஸில் அண்ணன், தம்பி, மச்சான் மூன்று பேரும் ஒரே உயரம். ஓரத்தில் என் படமும் இருந்தது. ஸ்டாம்ப் சைஸ். கோபித்துக்கொண்டு போட எனக்குச் சுவர் இல்லை.

தறிக்கூடத்தில் காற்று நன்றாக வருகிறது. டைல்ஸும் வழுக்கவில்லை.

அந்த பிளான் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதில் நடுச்சுவரும் பனிக்குள் பத்திரமாக இருக்கிறது. தறிக்கூடத்தில் யார் போன் சத்தமாகப் பாடுகிறது, யார் ஜன்னலைச் சாத்தினது என்று எப்போதாவது தகராறு வரும். அப்போது எனக்கு போன் வரும். இன்று காலையும் வந்தது, இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே.

"பாஸ்கரு, அந்தச் சுவரு இன்னும் கீதா?"

"கீதுண்ணா."

"சரி. இருக்கட்டும்."

அண்ணன் போனை வைத்துவிட்டார். அதுவரை பின்னால் தம்பியின் தறிச் சத்தம் கேட்டது. நான் உடனே வேலையைத் தொடரவில்லை. எப்படியும் பாதியில் கேன்சல் பண்ணவேண்டி வரும் என்று தெரியும். போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

போன் அடித்தது. சுகுணா வாசலிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எடுங்க," என்றாள். "கிளாஸ்."